ஃபெடோராவுக்கு இன்னும் ‘சோதனை எலி’ என்ற பெயர் ஏன்?

#1 நள்ளிரவு_நிரலர்

அலுவலகத்தில் எங்கள் குழுவின் லேப்டாப்புகளில் எந்த லினக்ஸ் போடலாம் என்று பேச்சு வந்தது. நான் ஃபெடோரா என்றேன். உடனே ஒரு மூத்தவர், “அது ரெட் ஹாட் என்ற லினக்ஸ் கம்பெனியின் சோதனைக்கூடம். காசு கொடுக்கிற வாடிக்கையாளரிடம் போவதற்கு முன்னால் நம் தலையில் கட்டிப் பார்ப்பார்கள். நாம் ஏன் எலியாக வேண்டும்?” என்றார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. 2003 நவம்பரில் ஃபெடோரா கோர் 1 வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். ரெட் ஹாட் லினக்ஸ் 9-ஓடு அந்த வரிசையை நிறுத்திவிட்டு, காசுக்கு என்டர்பிரைஸ் லினக்ஸ் (சுருக்கமாக ஆர்எச்இஎல்), இலவசமாக ஃபெடோரா என்று பிரித்தபோது பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பிறந்த பெயர் இது. இன்று 43-ஆவது ரிலீஸ் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 13 மாதம் ஆதரவு என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுவில் என்னவெல்லாம் மாறியது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று உபுண்டு, டெபியன் போன்ற மற்ற லினக்ஸ்களில் நாம் சாதாரணமாக அனுபவிக்கிற பல விஷயங்களுக்காக முதலில் அடி வாங்கியது ஃபெடோராதான். அந்த வேலைக்கு உரிய மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. நெடுநாளாகப் பயன்படுத்துகிறவர்களும் விட்டுவிட்டுப் போனவர்களும் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்.

#2 பழைய_ஆய்வகம்

தம்பி, அந்தப் பெயர் சும்மா வரவில்லை. நாங்கள் படித்த காலத்தில் கல்லூரி ஆய்வகம் முழுக்க ஃபெடோரா கோர்தான். பத்திரிகையோடு வரும் டிவிடியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கீறல் விழும்வரை பயன்படுத்தியிருக்கிறோம். அந்தப் பாசம் இன்னும் இருக்கிறது. ஆனால் நடந்ததை மறைக்க முடியாது.

2007 நவம்பரில் ஃபெடோரா 8 வந்தது. ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோவை இயல்பாக (டிஃபால்டாக) வைத்த முதல் பெரிய டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் தொகுப்பு, அதுதான். பாட்டு விட்டு விட்டுக் கேட்கும், ஒரு செயலியில் சத்தம் வந்தால் இன்னொன்றில் வராது. அடுத்த ஆண்டு ஃபெடோரா 9. கேடிஇ மேசைத்தளத்தின் 4.0-வை அப்படியே தூக்கிக் கொடுத்தார்கள். 4.0 அன்றாடப் பயன்பாட்டுக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பது அதைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். 2011 மே மாதம் ஃபெடோரா 15: க்னோம் 3, சிஸ்டம்டி இரண்டும் ஒரே ரிலீஸில்! பழகிய மேசைத்தளமும் போச்சு, கணினி எழும் முறையும் மாறிப்போச்சு. லினக்ஸை உருவாக்கியவரும் ஃபெடோரா பயனருமான லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3-ஐப் பொறுக்க முடியாமல் வெளிப்படையாகத் திட்டினார்.

அப்புறம் ஃபெடோரா 18. நிறுவியை (கணினியில் ஃபெடோராவை ஏற்றும் மென்பொருளை) அடியோடு திருத்தி எழுதினார்கள். 2012 நவம்பரில் வரவேண்டியது தள்ளித் தள்ளி 2013 ஜனவரி 15 அன்று வந்தது. அந்த நிறுவியில் வட்டைப் பிரிக்கும் பக்கம் இருக்கிறதே, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது அழியும் என்று புரியாமல் கை நடுங்கும். ‘முடிந்தது’ பொத்தானை மேல் இடது மூலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

இத்தனையும் அனுபவித்தவர் எலி என்று சொன்னால் அதில் என்ன தப்பு?

#3 பொதியர்

ஆய்வக அண்ணா சொன்ன ஒவ்வொரு நிகழ்வும் உண்மை. ஃபெடோராவில் சில பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) பராமரிக்கிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே பட்டியலை எடுத்துக்கொண்டு, ‘அதற்குப் பிறகு என்ன ஆனது?’ என்று பாருங்கள். பல்ஸ்ஆடியோ அடுத்த ஆறு மாதத்தில் உபுண்டு 8.04-க்கு வந்தது. சிஸ்டம்டி 2012-இல் ஆர்ச் லினக்ஸுக்கும், 2014-இல் ஆர்எச்இஎல் 7-க்கும், 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டுக்கும் போனது. திரையில் சாளரங்களைக் காட்டும் புது முறையான வேலண்டை 2016 நவம்பரில் ஃபெடோரா 25 இயல்பாக்கியது. உபுண்டு 17.10-இல் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு 18.04-இல் பழைய முறையான எக்ஸ்ஆர்க்குக்கே திரும்பியது. மறுபடி வேலண்டு அங்கே இயல்பானது 21.04-இல்தான். ஃபெடோரா மட்டும் இடையில் பின்வாங்கவே இல்லை. திரை பகிர்வு வேலை செய்யவில்லை, தொலைமேசை வேலை செய்யவில்லை என்று ஒவ்வொரு பக்காக (பிழையாக) பதிந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். அந்தத் திருத்தங்கள் க்னோமுக்கும், ஒலியையும் வீடியோவையும் கடத்தும் பைப்வயருக்கும் நேராகப் போய்ச் சேர்ந்ததால்தான் மற்ற டிஸ்ட்ரோக்கள் பிறகு நிம்மதியாக மாற முடிந்தது.

‘நேராகப் போய்ச் சேர்ந்தது’ என்பதைக் கவனியுங்கள். ஃபெடோராவில் ஒரு பேக்கேஜில் கோளாறு இருந்தால் அதை மூலத் திட்டத்திலேயே சரிசெய்யச் சொல்வதுதான் வழக்கம். நம் பக்கத்தில் மட்டும் பேட்ச் போட்டு ஒட்டி வைத்துக்கொள்வதை முடிந்தவரை தவிர்ப்போம். எனவே ஃபெடோரா பயனர் ஒருவர் பதிந்த பக்கின் பலன் ஃபெடோராவையே தொடாத ஒருவருக்கும் கிடைக்கிறது. ஊருக்கு முன்னால் நடந்து வழியிலிருக்கும் முள்ளைப் பொறுக்கிப் போடுகிறவருக்குக் காலில் குத்தத்தான் செய்யும்.

பைப்வயர் இதற்கு நல்ல சான்று. பல்ஸ்ஆடியோ வந்தபோது பட்ட பாட்டை எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 ஒலியை பைப்வயருக்கு மாற்றியபோது பலருக்கு மாறியதே தெரியவில்லை. பழைய செயலிகள் பல்ஸ்ஆடியோவோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு பைப்வயரோடு பேசும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள். சோதனை நாட்களுக்கு ஆள் திரட்டி, புளூடூத் ஹெட்போன் முதல் பல தட ஒலிப்பதிவுக் கருவி வரை போட்டுப் பார்த்தார்கள். உபுண்டு 22.10-லும் டெபியன் 12-லும் அது இயல்பாக வந்தபோது சண்டை எதுவும் இல்லை. 2007-இன் ஃபெடோராவும் 2021-இன் ஃபெடோராவும் ஒன்றல்ல என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

அப்டேட் எப்படி வருகிறது என்பதையும் சொல்கிறேன். நான் ஒரு பேக்கேஜைக் கட்டினால் அது நேராக உங்கள் கணினிக்கு வராது. போதி என்ற தளத்தில் சோதனை ரெப்போவில் (மென்பொருள் கிடங்கில்) நிற்கும். யாராவது நிறுவிப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று ஒரு புள்ளி கூட்டுவார், அல்லது ‘என் கணினியில் விழுந்துவிட்டது’ என்று குறைப்பார். போதிய புள்ளி சேர வேண்டும், இல்லாவிட்டால் குறிப்பிட்ட நாட்கள் தாண்ட வேண்டும். அதற்கு மேல்தான் பொது ரெப்போவுக்குப் போகும். கர்னலின் (லினக்ஸின் மையக்கருவின்) புதுத் தொடர் வரும்போது சோதனை வாரம் என்றே தனியாக ஒன்று உண்டு. இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் யாரும் ‘தலையில் கட்டுகிறார்கள்’ என்று பேச மாட்டார்.

#4 உருளும்_கல்

புதுசு வேண்டும் என்றால் ஆர்ச் இருக்கிறது. அப்கிரேடு என்ற பேச்சே இல்லை, நாள்தோறும் அப்டேட். நிலையாக வேண்டும் என்றால் டெபியன் இருக்கிறது. இடையில் நிற்கும் ஃபெடோரா யாருக்காக?

#5 பொதியர்

> இடையில் நிற்கும் ஃபெடோரா யாருக்காக?

அந்த இடை நிலை வேண்டும் என்பவர்களுக்காக. ஒரு ஃபெடோரா ரிலீஸின் ஆயுளுக்குள் கர்னல், கிராபிக்ஸ் டிரைவர்களான மேசா, ஃபயர்பாக்ஸ் எல்லாம் தொடர்ந்து புதுப் பதிப்புக்கு நகரும். ஆனால் க்னோம், கம்பைலர், பைத்தான் போன்றவை அந்த ரிலீஸின் முதன்மைப் பதிப்பிலேயே நிற்கும். புதிதாக வாங்கிய லேப்டாப்பின் வைஃபை சில்லு வேலை செய்ய புதுக் கர்னல் வேண்டும். ஆனால் திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தால் மேசைத்தளம் வேறு மாதிரி இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது இந்தக் கலவைதான்.

ஆர்ச்சைக் குறை சொல்லவில்லை. அதன் விக்கி இல்லாமல் நாங்கள் யாருமே வேலை பார்க்க முடியாது. ஆனால் சிஸ்டம்டியோ வேலண்டோ, இயல்பாக வைத்து அடி வாங்குவது யார் என்ற கேள்விக்கு ஆர்ச் பதிலில்லை. அங்கே மேசைத்தளத்தைப் பயனரே தேர்ந்தெடுக்கிறார். எதை இயல்பாக வைப்பது என்ற முடிவின் பாரம் பெரும்பாலும் அவர்மேல்தான்.

#6 சர்வர்_சாமி

தொழில்நுட்பம் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பொதியர் சொன்னதெல்லாம் சரி. என் கவலை வேறு: இதை யார் கையில் வைத்திருக்கிறார்கள்?

ஃபெடோராவுக்கென்று தனிச் சட்ட அமைப்பு கிடையாது. பெயரின் வணிகக்குறி ரெட் ஹாட்டுடையது. சர்வர் செலவு அவர்களுடையது. திட்டத் தலைவர் அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர். ரெட் ஹாட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்குவதாக 2018 அக்டோபரில் அறிவித்து, 2019 ஜூலையில் முடித்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2020 டிசம்பரில், ஆர்எச்இஎல்லின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 8-இன் ஆயுளைக் குறைத்தார்கள். 2029 வரை வரும் என்று நம்பி நிறுவியவர்களுக்கு 2021 இறுதியோடு கதவடைப்பு. 2023-இல் ஆர்எச்இஎல் மூலநிரல் பொதுவெளியில் கிடைத்துவந்த வழியைச் சுருக்கினார்கள். அதே ஆண்டு நடந்த ஆட்குறைப்பில் ஃபெடோராவின் புரோகிராம் மேனேஜரின் வேலையும் போனது. ஒவ்வொரு ரிலீஸின் கால அட்டவணையையும் கட்டி மேய்த்தவர் அவர்.

அடுத்து வெட்டு ஃபெடோராமேல் விழாது என்று யார் உத்தரவாதம் தருவது? டெபியனுக்கு அரசியலமைப்பு இருக்கிறது, தேர்தல் இருக்கிறது. எந்தக் கம்பெனி மூழ்கினாலும் டெபியன் நிற்கும். அதனால்தான் சர்வரில் எனக்கு டெபியன். நீண்டகாலத் திட்டம் எதையும் ஃபெடோராவின் மேல் கட்ட மாட்டேன்.

#7 நள்ளிரவு_நிரலர்

சாமி அண்ணே, சர்வரில் ஃபெடோரா போடச் சொல்லி நானும் வாதாடவில்லை. 13 மாத ஆயுள் உள்ள ஒன்றைத் தரவுத்தள சர்வரில் வைப்பது தேவையில்லாத தலைவலி. ஆனால் அந்த வணிகக்குறி விஷயம் நியாயமான கேள்வி. பொதியர் பதில் சொல்ல வேண்டும்.

#8 பொதியர்

சொல்கிறேன். சாமி சொன்ன உண்மைகளில் ஒன்றையும் மறுக்கவில்லை. சென்ட்ஓஎஸ் 8 விஷயத்தில் நம்பிக்கை உடைந்தது, அது இன்னும் ஒட்டவில்லை. ஃபெடோராவுக்குத் தனி அறக்கட்டளை இருந்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன்.

ஆனால் ‘ரெட் ஹாட் ஆட்டுகிறபடி ஃபெடோரா ஆடுகிறது’ என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன். தொழில்நுட்ப முடிவுகளை எடுப்பது ஃபெஸ்கோ என்ற குழு. ஒன்பது பேர், எல்லாரும் சமூகத்தின் ஓட்டில் வருகிறவர்கள். ஒவ்வொரு பெரிய மாற்றமும் எழுத்தில் முன்மொழியப்பட்டு, பொதுவெளியில் வாரக்கணக்கில் அலசப்பட்டு, பிறகுதான் ஓட்டுக்குப் போகும். ஓட்டு எண்ணிக்கை வரை யாரும் போய்ப் படிக்கலாம்.

வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்றான பிட்டிஆர்எஃப்எஸ் கதையைப் பாருங்கள். ரெட் ஹாட் 2017-இல் ஆர்எச்இஎல் 7.4-இலேயே அதைக் கைவிடப் போவதாகச் சொல்லிவிட்டது. ஆர்எச்இஎல் 8-இல் அது இல்லவே இல்லை. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு முறைதான் அவர்கள் பாதை. அப்படியிருக்க 2020 அக்டோபரில் ஃபெடோரா 33 மேசைத்தளப் பதிப்புகளுக்கு பிட்டிஆர்எஃப்எஸ்ஸை இயல்பாக்கியது. முன்மொழிவுக்குப் பின்னால் நின்றவர்களில் ஃபேஸ்புக் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் இருந்தார்கள். முதலாளி தூக்கிப் போட்டதை எடுத்து வீட்டின் அஸ்திவாரமாக வைக்க ‘சோதனைக்கூட’த்தால் முடியுமா?

இன்னொன்று. 2019-இல் சிபியு-க்களின் குறைந்தபட்சத் தகுதியை ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி வரை உயர்த்த வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தது. என்டர்பிரைஸ் பக்கத்துக்கு அது வசதி. ஆனால் கோடிக்கணக்கான பழைய லேப்டாப்புகள் வெளியே தள்ளப்படும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது, நிராகரித்தார்கள். அந்தச் சோதனைகளுக்காக இஎல்என் என்ற தனிக் கட்டுமானம் உருவானது. அதாவது எலி வேலையை ஃபெடோரா பயனரிடமிருந்து பிரித்து வேறு அறைக்கு மாற்றினார்கள்! இது நிறையப் பேருக்குத் தெரியாது, தெரிய வேண்டும்.

சிஸ்டம்டிகூட முதலில் ஃபெடோரா 14-க்கே திட்டமிடப்பட்டது. இன்னும் பழுக்கவில்லை என்று ஃபெஸ்கோதான் 15-க்குத் தள்ளியது. 2023-இல் பயன்பாட்டுத் தரவு சேகரிப்பு முன்மொழிவு ரெட் ஹாட் பக்கமிருந்தே வந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்து, அது சொன்னபடி நடக்கவில்லை. 2025 ஜூனில் 32-பிட் பேக்கேஜ்களைக் கைவிடலாம் என்று வந்தது. ஸ்டீம் கேம் தளத்தை நம்பி விளையாடுகிறவர்கள் கொதித்தார்கள், ஃபெடோராவின் மேல் கட்டப்பட்ட கேமிங் லினக்ஸான பஸ்ஸைட்டின் நிறுவனர் தன் திட்டமே நின்றுபோகும் என்றார், சில நாட்களில் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

#9 சர்வர்_சாமி

பிட்டிஆர்எஃப்எஸ் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பணம் நின்றால் ஓட்டெடுப்பு வைத்து என்ன செய்வது? கட்டுமான சர்வர்கள் ஒரு மாதம் நின்றால் ஃபெடோரா இல்லை. அதற்குப் பதில் வரவில்லை.

#10 பொதியர்

பண விஷயத்தில் உங்கள் கவலைதான் என் கவலையும். ரெட் ஹாட்டுக்கு ஃபெடோரா தேவைப்படுகிறது என்பதே இப்போதைக்கு இருக்கும் பாதுகாப்பு. ஆர்எச்இஎல் 9-க்கு அடி ஃபெடோரா 34, ஆர்எச்இஎல் 10-க்கு அடி ஃபெடோரா 40. அமேசான் லினக்ஸ் 2023-உம் ஃபெடோராவிலிருந்து எடுத்ததுதான். பத்தாண்டு ஆதரவு தரும் ஒரு பண்டத்தை வானத்திலிருந்து இறக்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் அது முதலில் ஒன்றாகச் சேர்ந்து நிற்க வேண்டும். அந்த இடம் இதுதான்.

#11 யாழ்வல்லி

இந்தப் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் சேர்க்கிறேன். நான் எழுத்துரு, உள்ளீடு பக்கம் ஆள். தமிழுக்கு ஃபெடோரா செய்தது கொஞ்சமில்லை.

லோகித் தமிழ் எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள். 2004-இல் ரெட் ஹாட் திறந்த உரிமத்தில் வெளியிட்ட இந்திய மொழி எழுத்துருக்களில் தமிழும் ஒன்று. அதற்கு முன் லினக்ஸில் யூனிகோடு தமிழ் படிப்பதே ஒரு போராட்டம். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். எழுத்துருவும் எழுத்துக்கோப்பு நூலகங்களும் சேர்ந்து பக்குவப்பட வேண்டியிருந்தது. அந்தப் பக் அறிக்கைகளில் பெரும்பங்கு ஃபெடோராவின் பக் பதியும் தளமான பக்ஸில்லாவில் கிடந்தது. 2011-இல் லோகித்தின் உரிமம் ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்துக்கு மாறியது, டெபியனும் உபுண்டுவும் இன்றும் அதைப் பேக்கேஜாகத் தருகின்றன. ஃபெடோரா 36-இலிருந்து பல மொழிகளுக்கு கூகுளின் நோட்டோ இயல்பு எழுத்துருவாகிவிட்டது.

உள்ளீடும் அப்படியே. 2009-இல் ஃபெடோரா 11, ஸ்கிம் என்ற உள்ளீட்டு மென்பொருளை விட்டு ஐபஸ்ஸுக்கு மாறியது. இன்று க்னோம் அமைப்புகளில் விசைப்பலகை பக்கத்தைத் திறந்து தமிழ்99 சேர்த்துவிட்டு, சூப்பர் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தி மாறி மாறித் தட்டுகிறோம் அல்லவா, அந்த வசதிக்கு அடியில் இருப்பது ஐபஸ்தான். உபுண்டுவில் தட்டுகிறவரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்.

சிறிய மொழிச் சமூகத்துக்கு ஒரு திருத்தம் எங்கே போய்ச் சேரும் என்பது பெரிய விஷயம். ஒரே டிஸ்ட்ரோவில் மட்டும் சரியாகிற திருத்தத்தால் நமக்கு லாபம் இல்லை. மூலத்திலேயே சரிசெய் என்று பிடிவாதம் பிடிக்கிற டிஸ்ட்ரோ ஒன்று இருப்பது நமக்கு நல்லது. இதற்காகவே ஃபெடோரா பிழைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

#12 புதுமுகம்21

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி இரண்டாம் ஆண்டு. இந்த இழையைப் படித்துவிட்டு லேப்டாப்பில் ஃபெடோரா போட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் சில வீடியோ கோப்புகளைத் திறந்தால் ஓடுவதில்லை. சில தளங்களில் வீடியோ ஓடினாலும் விசிறி இரைகிறது, லேப்டாப் சூடாகிறது. உபுண்டுவில் இப்படி இல்லையே?

#13 கோவைக்_கட்டளை

தம்பி, இது எல்லாரும் கேட்கிற கேள்வி. ரெட் ஹாட் அமெரிக்க நிறுவனம், அங்கே மென்பொருள் காப்புரிமைக்குச் சட்டமதிப்பு உண்டு. வீடியோவைச் சுருக்கி விரிக்கும் எச்.264, எச்.265 போன்ற கோடெக்குகளுக்குக் காப்புரிமை பாக்கி இருப்பதால் ஃபெடோரா அவற்றை முழுமையாகத் தருவதில்லை. 2022 செப்டம்பரில் மேசாவில் இவற்றுக்கான வன்பொருள் உதவியையும் அணைத்துவிட்டார்கள். அதனால் கிராபிக்ஸ் சில்லு செய்ய வேண்டிய வேலையை சிபியு செய்கிறது, விசிறி இரைகிறது.

முதலில் ஆர்பிஎம் ஃபியூஷன் ரெப்போவின் இரண்டு பகுதிகளையும் சேர். 2008-இல் மூன்று சிறு ரெப்போக்கள் ஒன்றுகூடி உண்டானது, நம்பகமானது. அப்புறம் ஃபெடோராவின் வெட்டப்பட்ட எஃப்எஃப்எம்பெக்கை (வீடியோ ஓட்டும் நூலகத்தை) எடுத்துவிட்டு அங்கிருக்கும் முழு எஃப்எஃப்எம்பெக்கை வை. ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் மேசாவின் ‘ஃப்ரீவேர்ல்டு’ என்று முடியும் டிரைவரையும் மாற்று. இன்டெல் என்றால் இன்டெல் மீடியா டிரைவர். பிறகு வீடியோவை ஓடவிட்டு சிஸ்டம் மானிட்டரைத் திறந்து பார், சிபியு-வின் கோடு கீழே இறங்கியிருக்கும்.

இந்த இழைக்கும் இது பொருந்தும். ‘சோதனை எலி’ என்று திட்டுவதைவிட இந்தக் கோடெக் விஷயத்துக்காகத் திட்டினால் நியாயம் இருக்கிறது. புதிதாக வருகிற ஒருவர் முதல் நாளே மோதுகிற சுவர் இது. காப்புரிமை காலாவதியானதும் எம்பி3-ஐ உடனே சேர்த்துக்கொண்டார்கள் என்பதால் இதில் வன்மம் எதுவும் இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் நிறுவி முடித்தவுடன் ‘உன் ஊரில் இது சட்டப்படி சரியென்றால் இங்கே போ’ என்று தெளிவாக ஒரு வரி காட்ட வழி தேட வேண்டும். ஃபெடோராவின் கெட்ட பெயரில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

#14 பழைய_ஆய்வகம்

தனியுரிமக் கிராபிக்ஸ் டிரைவர் கதையையும் சொல்லுங்கள். கர்னல் வேகமாக நகருகிறது, டிரைவர் பின்தங்குகிறது, மறுநாள் காலையில் கறுப்புத் திரை. என் பழைய லேப்டாப்பில் நடந்தது.

#15 கோவைக்_கட்டளை

நடக்கும் அண்ணா. கர்னல் கிளைக்கு வெளியே இருக்கிற டிரைவர் எதுவானாலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அதை மறுபடி கட்ட வேண்டும். அப்டேட் முடிந்த கையோடு மறுதொடக்கம் செய்தால் பின்னணியில் கட்டுவது முடிந்திருக்காது, திரை கறுப்பு. கொஞ்சம் பொறுத்து மறுதொடக்கம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதையும் மீறி விழுந்தால், ஃபெடோரா எப்போதும் கடைசி மூன்று கர்னல்களை வைத்திருக்கும். கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் பட்டியல் வரும், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கர்னலில் வேலை தொடரலாம்.

இதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு சில்வர்புளூ இருக்கிறது. இயங்குதளம் முழுவதும் ஒரே படிமமாக வரும், அப்டேட் சரியில்லை என்றால் ஒரே கட்டளையில் நேற்றைய படிமத்துக்குத் திரும்பலாம்.

#16 உருளும்_கல்

கோப்பு சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டில் ஒளித்து வைத்த பின்கதவு விஷயத்தை மறந்துவிட்டீர்களா? புதுசு புதுசு என்று ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆர்ச்சுக்கும் அந்தப் பதிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபெடோராவிலும் நுழைந்தது.

#17 பொதியர்

மறக்கக் கூடியதா அது? 2024 மார்ச் 29. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதிப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நூல் பிடித்துப் போனதால்தான் உலகம் தப்பியது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள். ஃபெடோராவில் ராஹைடு என்ற மேம்பாட்டுக் கிளைக்கும், அப்போது பீட்டா நிலையில் இருந்த 40-க்கும் அந்தப் பேக்கேஜ்கள் எட்டின. வெளியாகி மக்கள் கையில் இருந்த 39-க்கு வரவில்லை. ஆர்எச்இஎல்லுக்கும் வரவில்லை.

அந்தப் பின்கதவை வைத்த நபர், புதுப் பதிப்பைச் சேர்க்கச் சொல்லி ஃபெடோராப் பராமரிப்பாளர் ஒருவரிடம் வாரக்கணக்கில் தொடர்பில் இருந்திருக்கிறார். ஃபெடோராவுக்குள் நுழைந்தால் நாளைக்கு எல்லா இடத்துக்கும் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தச் சம்பவத்தில் என்னைத் தூங்கவிடாதது இதுதான். ஆர்எச்இஎல்லும் அதைச் சார்ந்த எல்லாமும் நம் சோதனை ரெப்போவைக் கடந்துதான் போகின்றன என்பதால் அங்கே நிற்கிற ஒவ்வொரு தன்னார்வலரின் கண்ணும் முக்கியம். போதியில் ‘வேலை செய்கிறது’ என்று சொடுக்குவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள் என்று அப்போதிலிருந்து எல்லாரிடமும் கேட்டு வருகிறேன்.

ஓட்டத்தை நிறுத்தத் தெரியாது என்பதும் உண்மையில்லை. 2022-இல் ஃபெடோரா 37 கிட்டத்தட்ட தயார். குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லில் தீவிரமான ஓட்டை இருப்பதாகவும், நவம்பர் 1 அன்று திருத்தம் வெளியாகும் என்றும் அறிவிப்பு வந்தது. என்ன ஓட்டை என்பதே அப்போது வெளியில் தெரியாது. ஆனாலும் ரிலீஸை நிறுத்தி வைத்து, திருத்தத்தைச் சேர்த்து, நவம்பர் 15 அன்றுதான் வெளியிட்டார்கள்.

#18 நள்ளிரவு_நிரலர்

எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்தில் எழுத்தில் ஒரு பரிந்துரை கேட்டிருக்கிறார்கள். சர்வர்கள் டெபியனிலேயே இருக்கட்டும், லேப்டாப்புகள் ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் என்று எழுதப் போகிறேன். ஒரு கேள்வி பாக்கி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக் குழுவும் அப்கிரேடு என்றால் நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது. ஆண்டுக்கு ஒருமுறை போதுமா?

#19 பொதியர்

போதும். ஒரு ரிலீஸுக்கு ஆதரவு, அதற்கு அடுத்ததற்கு அடுத்தது வந்து நான்கு வாரம் வரை உண்டு. 43-இல் இருப்பவர் 44-ஐ விட்டுவிட்டு 45 வந்ததும் நேராகப் போகலாம். ஒரு ரிலீஸைத் தாண்டிப் போவது ஆதரிக்கப்பட்ட வழிதான். 45 வந்த அன்றே பாய வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு லேப்டாப்பில் ஓடட்டும், உங்கள் விபிஎன், அச்சுப்பொறி, கண்டெய்னர் கருவிகள் எல்லாம் அதில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். கிடைக்கும் நான்கு வாரத்துக்குள் அது தாராளமாக முடியும்.

அந்த ஒரு லேப்டாப்பில் பீட்டாவையே போட முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் அலுவலக வன்பொருளில் உள்ள கோளாறு ரிலீஸுக்கு முன்னாலேயே பக்ஸில்லாவுக்கு வந்துவிடும். பதிந்ததும் இங்கே எண்ணைப் போடுங்கள், நானும் பார்க்கிறேன்.